வேலைய விட்டுப் போனவர் பேர்ல ஓடுற க்ரான் ஜாப் - அக்கவுண்ட்ட எந்த வரிசைல மூடுறது?

சர்வர்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல ஏழு லினக்ஸ் சர்வர், ரெண்டு விண்டோஸ் சர்வர் இருக்கு. இதையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தவர் போன மாசம் வேற கம்பெனிக்குப் போயிட்டார், நல்லபடியாத்தான் போனார், இப்ப எல்லாம் என் கைக்கு வந்திருக்கு. மேனேஜர் அவரோட அக்கவுண்ட்ட இன்னைக்கே டெலீட் பண்ணுன்னு சொல்றார். ஆனா உள்ள போய் பாத்தா ராத்திரி டேட்டாபேஸ் பேக்கப், மாசாமாசம் வர்ற பில்லிங் ரிப்போர்ட், பழைய லாக் எல்லாம் துடைக்கிறது, எல்லாமே அவரோட சொந்த யூசர்ல க்ரான்ல (குறிச்ச நேரத்துல கமாண்ட தானா ஓட்டுறது) ஓடிக்கிட்டிருக்கு. கொஞ்சம் ரூட் (எல்லா அதிகாரமும் இருக்கிற யூசர்) க்ரான்லயும் இருக்கு. சுடோ (ரூட் அதிகாரத்தோட கமாண்ட் ஓட்ட விடுறது) யாருக்கெல்லாம் இருக்குன்னு பாத்தா டெவலப்பர் எல்லாருக்கும் பாஸ்வேர்ட் கேக்காத முழு சுடோ. சர்வர் நாலு உபுண்டு, மூணு ராக்கி லினக்ஸ். அக்கவுண்ட்ட தூக்கினா என்னெல்லாம் நின்னுபோகும், எதை முதல்ல செய்யணும், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்_அக்கா:
தம்பி யூசர அழிக்கிற யூசர்டெல் கமாண்ட மட்டும் இப்ப அடிச்சிடாதீங்க. அத அடிச்சா பல சிஸ்டத்துல அவரோட க்ரான்டேப் ஃபைல் (அவர் க்ரான் ஜாப் எல்லாம் எழுதியிருக்கிறது) ஸ்பூல் ஃபோல்டர்ல அப்படியே கெடக்கும், ஆனா ஓடாது, லாக்ல "ஆர்ஃபன்"னு ஒரு வரி வரும், அத யாரும் பாக்க மாட்டாங்க, பேக்கப் நின்னது தேவைப்படுற அன்னைக்குத்தான் தெரியும். இன்னொன்னு, பின்னாடி யாராவது அதே பேர்ல புதுசா ஒரு யூசர் போட்டா அந்த பழைய க்ரான்டேப் உயிர் வந்து ஓட ஆரம்பிக்கும். உபுண்டுல டெல்யூசர்னு இருக்கிற கமாண்ட் க்ரான்டேப்பையும் சேத்து அழிச்சிடும், அதுவும் இப்ப உங்களுக்கு வேண்டாம். ரெண்டுமே கடைசி நாள் வேலை.

முதல்ல என்னென்ன ஓடுதுன்னு முழுசா எடுங்க. ரூட்டா இருந்து ஒவ்வொரு யூசருக்கும் க்ரான்டேப் மைனஸ் எல் மைனஸ் யூ போட்டு ஒரு ஃபைல்ல எழுதி வைங்க. அதோட முடிஞ்சிடாது, ஈடிசி-க்குள்ள க்ரான்டேப்னு ஒரு ஃபைல், க்ரான் டாட் டி ஃபோல்டர், க்ரான் டாட் டெய்லி, ஹவர்லி, வீக்லி, மந்த்லி, அப்புறம் க்ரான் மாதிரியே நேரம் வச்சு ஓட்டுற சிஸ்டம்டி டைமர், ஏடிக்யூ போட்டா வர்ற ஒரு தடவை மட்டும் ஓடுற ஜாப், எல்லாம் பாக்கணும். நிறைய பேர் க்ரான்டேப் மட்டும் பாத்துட்டு விட்டுடறாங்க.

கருப்புத்திரை:
அக்கா சொன்னது சரி, ஆனா மேனேஜர் அவசரப்படறதும் நியாயம்தான். லாகின் வழிய இன்னைக்கே மூடலாம், ஜாப் ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டும் வேற வேற.

யூசர்மாட் மைனஸ் பெரிய எல் போட்டா பாஸ்வேர்ட் மட்டும்தான் பூட்டும், எஸ்எஸ்ஹெச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா உள்ள விடுற சாவி ஃபைல்) வச்சிருந்தா அவர் சாதாரணமா உள்ள வந்துடலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. அதனால எந்த கீய உள்ள விடலாம்னு எழுதியிருக்கிற ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைல நகர்த்தி வைக்கணும். அவரோட ஷெல்ல (லாகின் பண்ணினா கமாண்ட் அடிக்கத் திறக்கிறது) நோலாகின்னு மாத்தணும். ஷெல் மாத்தினா க்ரான் நிக்குமோன்னு பயப்பட வேண்டாம், க்ரான் பாஸ்வேர்ட் ஃபைல்ல இருக்கிற ஷெல்ல பாக்காது, க்ரான்டேப்புக்குள்ள வேற எதுவும் சொல்லலன்னா /பின்/எஸ்ஹெச்-தான் எடுத்துக்கும். இந்த மூணையும் செஞ்சா உள்ள வர முடியாது, ராத்திரி பேக்கப்பும் ஓடும்.

ஆனா சேஜ் மைனஸ் பெரிய ஈ போட்டு அக்கவுண்ட்ட எக்ஸ்பைர் பண்ணினா கதை வேற, அப்ப யாரை உள்ள விடலாம்னு பாக்குற பாம்ங்கிற பகுதி தடுத்துடும், க்ரானும் நிக்கும். பாஸ்வேர்ட் வயசு முடிஞ்சாலும் இதே நிலைமைதான். 90 நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்ட் மாத்தணும்னு ஆடிட்காரங்க சொல்லி பாலிசி போட்டிருப்பாங்க, யாரும் லாகின் பண்ணாத யூசர்ல 91ஆவது நாள் க்ரான் மொத்தமா நின்னிருக்கும், ரூட்டுக்குக்கூட இப்படி ஆகும். அத இப்பவே சேஜ் மைனஸ் எல் போட்டுப் பாத்துடுங்க.

சுடோ குரூப்ல இருந்து அவரத் தூக்குறதுக்கு முன்னாடி அவரோட ஸ்கிரிப்ட் உள்ள சுடோன்னு எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. இருந்தா குரூப்ல இருந்து தூக்கின ராத்திரியே அது ஃபெயில் ஆகும்.

சர்வர்_புதுசு:
இருக்கு! பேக்கப் ஸ்கிரிப்ட்ல மூணு எடத்துல சுடோ. அப்புறம் அவரோட ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற எஸ்எஸ்ஹெச் ப்ரைவேட் கீய வச்சுதான் பேக்கப் ஃபைல் இன்னொரு சர்வருக்குப் போகுது. அங்கயும் அவர் பேர்லதான் அக்கவுண்ட்.

வேலைமுடிஞ்சுது:
ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. சண்டை போட்டுப் போகல, நல்ல மனுஷன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு இவ்ளோ அவசரம். ஒரு மாசம் பொறுமையா மாத்தலாமே. அவசரத்துல பேக்கப் நின்னுட்டா அதுதான் பெரிய நஷ்டம்.

நைட்ஷிஃப்ட்_அக்கா:
ஆள் நல்லவரா கெட்டவரான்னு கேள்வியே இல்லங்க. அவரோட லேப்டாப் தொலைஞ்சு கீ வேற ஒருத்தர் கைக்குப் போனா அப்பவும் உங்க சர்வர்தான் திறந்து கெடக்கும். அவருக்கும் அது பாதுகாப்பு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா லாக்ல அவர் பேர் வரக்கூடாது இல்லையா.

கெட்ட எண்ணத்தோட ஒருத்தர் போனா என்ன ஆகும்ங்கிறதுக்கும் பதிவான வழக்கு இருக்கு. அமெரிக்காவுல வீட்டுக்கடன் நிறுவனம் ஃபேனி மே, 2008 அக்டோபர் 24. ஒரு கான்ட்ராக்ட் யூனிக்ஸ் இன்ஜினியர வேலைய விட்டுத் தூக்கினாங்க, மத்தியானம் சொல்லியாச்சு, ஆனா சர்வர் ஆக்சஸ் ராத்திரி வரைக்கும் எடுக்கல. அந்த இடைவெளில அவர் தினமும் காலைல ஓடுற ஒரு நல்ல ஸ்கிரிப்ட்டுக்கு அடியில, ஒரு பக்கம் அளவுக்கு வெத்து வரிய விட்டு, அதுக்குக் கீழ தன்னோட கோட வச்சுட்டுப் போனார். 2009 ஜனவரி 31 வந்தா சுமார் 4,000 சர்வர்ல இருக்கிற டேட்டாவ அழிக்கிற மாதிரி. அஞ்சு நாள் கழிச்சு இன்னொரு இன்ஜினியர் தற்செயலா கீழ ஸ்க்ரோல் பண்ணினப்ப கண்ணுல பட்டது, அதனால பொழச்சாங்க. அவருக்கு 2010ல 41 மாசம் ஜெயில்.

இதுல பாருங்க, அவர் புது க்ரான் ஜாப் எதுவும் போடல. ஏற்கனவே ஓடுற ஜாப்போட ஸ்கிரிப்ட்லதான் கை வச்சார். க்ரான்டேப்ப மட்டும் ஆடிட் பண்ணினா இது தெரியவே தெரியாது. தம்பி உங்க ரூட் க்ரான்ல இருக்கிற ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டையும் கடைசி வரி வரைக்கும் படிங்க, அதோட அந்த ஃபைல எழுத யாருக்கெல்லாம் பர்மிஷன் இருக்குன்னு பாருங்க. ஃபைல் மட்டும் இல்ல, அது இருக்கிற ஃபோல்டர், அதுக்கு மேல இருக்கிற ஃபோல்டர், எல்லாம். ஃபோல்டர்ல எழுத முடிஞ்சா ஃபைலயே மாத்தி வச்சுடலாம்.

சர்வர்_புதுசு:
பாத்தேன் அக்கா. ரூட் க்ரான்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை /ஆப்ட்/ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற க்ளீனப் ஸ்கிரிப்ட் ஓடுது. அந்த ஃபோல்டர் டெவ் குரூப்புக்கு எழுதுற பர்மிஷனோட இருக்கு.

கருப்புத்திரை:
அப்ப உங்க டெவ் குரூப்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் ரூட்தான், நீங்க சுடோவ எடுத்தாலும் எடுக்காட்டியும். அதுல ஒரு வரி சேத்துட்டு அஞ்சு நிமிஷம் காத்திருந்தா போதும். சுடோ யாருக்குன்னு எழுதியிருக்கிற சுடோயர்ஸ் ஃபைல மட்டும் பாத்துட்டு அட்மின் யாருன்னு லிஸ்ட் எழுதுறது பத்தாதுன்னு நான் எங்க போனாலும் சொல்றது இதனாலதான். ரூட் ஓட்டுற எதையாவது எழுத முடியிறவன் எல்லாம் ரூட். க்ரான் ஆடிட்டும் அட்மின் ஆக்சஸ் ஆடிட்டும் ஒரே வேலை, தனித்தனியா ரெண்டு பேர் கிட்ட குடுத்தா நடுவுல இருக்கிற ஓட்டை யார் கண்ணுலயும் படாது.

டாக்கர் (ப்ரோக்ராம கன்டெய்னர்னு தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுறது) குரூப்ல யார் இருக்காங்கன்னும் பாருங்க. டாக்கர் குரூப்ல இருந்தா ஹோஸ்ட்டோட மொத்த டிஸ்க்கையும் கன்டெய்னர்குள்ள மவுண்ட் பண்ணி ரூட்டா எழுதலாம். உபுண்டுல எல்எக்ஸ்டின்னு இன்னொரு கன்டெய்னர் சாஃப்ட்வேரோட குரூப்பும் அப்படித்தான்.

சர்வர்_புதுசு:
டாக்கர் குரூப்ல ஒம்பது பேர். ரெண்டு பேர் கம்பெனியிலயே இல்ல.

ஒரேகட்டளை:
என் கருத்து கொஞ்சம் வேற மாதிரி. சின்ன டீம்ல டெவலப்பருக்கு முழு சுடோ குடுக்கிறது ஒன்னும் பாவம் இல்ல. அஞ்சாறு பேர் இருக்கிற எடத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு சைட் விழுந்தா யாரு எழுந்து வர்றாங்களோ அவங்களால சரி பண்ண முடியணும். ஒரே ஒரு அட்மின் கிட்ட எல்லாத்தையும் குடுத்துட்டு அவர் போன எடுக்கலன்னா எல்லாரும் உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும். நான் பாத்த வரைக்கும் சின்ன எடத்துல செக்யூரிட்டி பிரச்சனைய விட அந்த மாதிரி பிரச்சனைதான் ஜாஸ்தி.

நைட்ஷிஃப்ட்_அக்கா:
ஒரே ஆள் கிட்ட இருக்கக்கூடாதுங்கிறத முழுசா ஒத்துக்கறேன். 2008ல சான் பிரான்சிஸ்கோ நகராட்சி நெட்வொர்க்ல அதுதான் நடந்தது. அங்க இருந்த நெட்வொர்க் இன்ஜினியர் கிட்ட மட்டும்தான் அந்த ஃபைபர் நெட்வொர்க்கோட பாஸ்வேர்ட் எல்லாம் இருந்தது, மேலதிகாரி கேட்டும் குடுக்கல, கைது பண்ணினாங்க, அப்பவும் குடுக்கல, கடைசில மேயர் கேவின் நியூசம் நேர்ல ஜெயிலுக்குப் போனப்பதான் குடுத்தார். அதனால ரெண்டு மூணு பேர் கண்டிப்பா வேணும். கோயில் உண்டியல் பூட்டுக்கு சாவி ஒருத்தர் கிட்டயே இருக்காது, அந்த முறை சரியான முறை.

ஆனா ரெண்டு மூணு பேருக்கு முழு ஆக்சஸ்ங்கிறது வேற, எல்லாருக்கும் பாஸ்வேர்ட் இல்லாம முழு ஆக்சஸ்ங்கிறது வேற. பாஸ்வேர்ட் கேக்காத சுடோ இருந்தா அந்த டெவலப்பரோட லேப்டாப்ல ஓடுற ஏதோ ஒரு கெட்ட பேக்கேஜ்கூட உங்க சர்வர்ல ரூட். அவசரத்துக்கு ஒரு அக்கவுண்ட் வைங்க, பாஸ்வேர்ட கவர்ல போட்டு ஒட்டி ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச எடத்துல வைங்க, யூஸ் பண்ணினா மாத்திடுங்க.

ஒரேகட்டளை:
சரிங்க அக்கா, லேப்டாப் விஷயம் நான் யோசிக்கல. அப்ப டெவலப்பருக்கு என்ன குடுக்கலாம்னு சொல்லுங்க, வெறும் கைய விரிச்சா சண்டைக்கு வருவாங்க.

கருப்புத்திரை:
அவங்க நெஜமா எதுக்கு சுடோ அடிக்கிறாங்கன்னு லாக்ல பாருங்க. உபுண்டுல ஆத் லாக், ராக்கில செக்யூர் லாக். பெரும்பாலும் ரெண்டே விஷயம்தான் வரும், லாக் படிக்கிறது, சர்வீஸ் ரீஸ்டார்ட் பண்றது. லாக் படிக்க சுடோவே தேவையில்ல, ஏடிஎம்னு ஒரு குரூப், சிஸ்டம்டி-ஜர்னல்னு ஒரு குரூப், அதுல சேத்தா போதும். சேக்கும்போது யூசர்மாட் மைனஸ் ஏ பெரிய ஜி, அந்த ஏ-வ விட்டுட்டீங்கன்னா மத்த குரூப் எல்லாத்துல இருந்தும் அந்த ஆள தூக்கிடும், தன்னோட அக்கவுண்ட்டுக்கே இத அடிச்சா சுடோவும் போயிடும்.

ரீஸ்டார்ட்டுக்கு முழு பாதையோட, எந்த சர்வீஸ்ங்கிறதையும் சேத்து ஒரு வரி எழுதுங்க. நட்சத்திரக்குறி போடாதீங்க. /வார்/லாக்/* கேட் பண்ணலாம்னு எழுதினா அந்த நட்சத்திரம் ஸ்லாஷையும் ஸ்பேஸையும் சேத்து ஒத்துக்கும், ரெண்டு புள்ளி போட்டு மேல ஏறி பாஸ்வேர்ட் விவரம் இருக்கிற ஷேடோ ஃபைலையே படிச்சுடலாம். விம், லெஸ், ஃபைண்ட், டார், இதெல்லாம் சுடோல குடுத்தா முழு ரூட் குடுத்த மாதிரிதான், ஒவ்வொன்னுக்குள்ள இருந்தும் ஷெல் திறக்கலாம். ஃபைல் எடிட் பண்ணணும்னா சுடோஎடிட் குடுங்க, அது ஃபைல ஒரு காப்பி எடுத்து அவங்க யூசராவே எடிட்டரத் திறக்கும், முடிச்சதும் திரும்ப வைக்கும், எடிட்டர் ரூட்டா ஓடாது. எல்லாம் குடு ஆனா எஸ்யூ (வேற யூசரா மாறுற கமாண்ட்) மட்டும் தடுன்னு ஆச்சரியக்குறி போட்டு எழுதறதும் வேலைக்கு ஆகாது, அந்த ப்ரோக்ராம வேற பேர்ல காப்பி பண்ணி ஓட்டிடலாம்.

மலைக்கோட்டை_லினக்ஸ்:
விசுடோவ யாரும் இன்னும் சொல்லல, அதனால நான் சொல்றேன். சுடோயர்ஸ் ஃபைல நேரா நானோலயோ விம்லயோ திறக்காதீங்க. ஒரு காற்புள்ளி தப்பா விழுந்தாலும் பழைய சுடோ வெர்ஷன்ல எல்லாம் சுடோவே மொத்தமா வேலை செய்யாது, சரி பண்ணணும்னாலும் சுடோ வேணும், அங்கயே மாட்டிக்குவீங்க. விசுடோ ஃபைல லாக் பண்ணும், சேவ் பண்ணும்போது இலக்கணம் சரியான்னு பாக்கும். தனி ஃபைலா சுடோயர்ஸ் டாட் டி ஃபோல்டர்ல போடறது நல்லது, விசுடோ மைனஸ் எஃப் போட்டு அந்த ஃபைல திறக்கலாம், முடிச்சதும் விசுடோ மைனஸ் சி. ஃபைல் பேர்ல புள்ளி இருந்தா சுடோ அத படிக்கவே படிக்காது, எரரும் சொல்லாது. டெவ் டாட் கான்ஃப்னு பேர் வச்சுட்டு ஏன் வேலை செய்யலன்னு தேடுறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். ஒரே யூசருக்கு ரெண்டு வரி ஒத்துப்போனா கடைசில வர்ற வரிதான் செல்லும், அதையும் ஞாபகம் வைங்க.

எடிட் பண்ற நேரத்துல இன்னொரு விண்டோல ரூட் ஷெல் ஒன்னு திறந்தே இருக்கட்டும். புது விண்டோல சுடோ மைனஸ் எல் மைனஸ் பெரிய யூ போட்டு அந்த யூசருக்கு என்ன கெடைக்குதுன்னு பாத்த பிறகு மூடுங்க. அப்படியும் மாட்டிக்கிட்டா, சுடோ இல்லாமலே ரூட்டா ஓட்டுற பிகேஎக்ஸெக் வச்சு பிகேஎக்ஸெக் விசுடோ சில சமயம் காப்பாத்தும், இல்லன்னா ரிகவரி மோட்ல பூட் பண்ணி சரி பண்ணணும், க்ளவுட்ல இருந்தா டிஸ்க்க கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டணும்.

சுடோ வெர்ஷனையும் பாருங்க. 2021 ஜனவரில செக்யூரிட்டி கம்பெனி குவாலிஸ் வெளியிட்ட ஓட்டை, பேரன் சாமெடிட்னு பேர் வச்சாங்க, 2011ல இருந்தே கோடுல இருந்தது, சுடோயர்ஸ்ல பேரே இல்லாத சாதாரண யூசர்கூட அது வழியா ரூட் ஆக முடியும். 1.9.5பி2ல சரி பண்ணினாங்க. உபுண்டுவும் ராக்கியும் பழைய நம்பர்லயே பேட்ச் சேத்துக் குடுக்கும், அதனால நம்பர மட்டும் பாத்து பயப்படாதீங்க, பேக்கேஜ் அப்டேட் ஆகியிருக்கான்னு பாருங்க.

விண்டோஸ்வாசி:
ரெண்டு விண்டோஸ் சர்வர் இருக்குன்னு சொன்னீங்களே, அத யாரும் கேக்கல. அங்க டாஸ்க் ஷெட்யூலர்ல ஒவ்வொரு டாஸ்க்கும் எந்த அக்கவுண்ட்ல ஓடுதுன்னு பாருங்க. எஸ்சிஹெச்டாஸ்க்ஸ் க்வெரி போட்டு விரிவா சிஎஸ்வில எடுத்தா "ரன் அஸ் யூசர்"னு ஒரு காலம் வரும். அதுல அவர் பேர் இருந்தா, டொமைன்ல (விண்டோஸ் மெஷின் எல்லாத்துக்கும் பொதுவான அக்கவுண்ட் ஏற்பாடு) அவர் பாஸ்வேர்ட மாத்தின நிமிஷத்துல இருந்து அந்த டாஸ்க் 0எக்ஸ்8007052ஈ-ன்னு ஃபெயில் ஆகும், அதாவது யூசர் பேரோ பாஸ்வேர்டோ தப்பு. லினக்ஸ்ல பாஸ்வேர்ட் மாத்தினா க்ரானுக்கு ஒன்னும் ஆகாது, விண்டோஸ்ல பாஸ்வேர்ட் டாஸ்க்கோட சேத்து சேவ் ஆகியிருக்கும், அதனால இந்த வித்தியாசம்.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா, அவர் டொமைன் அட்மினா இருந்து, அந்த அக்கவுண்ட்லயே ஒரு சாதாரண ஃபைல் காப்பி டாஸ்க்க போட்டிருந்தா, அந்த ஒரு சர்வர்ல லோக்கல் அட்மின் கெடச்சவன் சேவ் ஆகியிருக்கிற அந்த பாஸ்வேர்ட எடுத்துடலாம், அப்புறம் மொத்த டொமைனும் அவன் கையில. டொமைன் அட்மின் அக்கவுண்ட்ல ஷெட்யூல் டாஸ்க் போடவே கூடாது. சர்வர் 2012ல இருந்து க்ரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்னு இருக்கு, பாஸ்வேர்ட டொமைன நடத்துற ஆக்டிவ் டைரக்டரியே மாத்திக்கும், மனுஷங்க யாருக்கும் அது தெரியாது. இப்பவும் டாஸ்க்குக்கு அதுதான் நல்ல வழி. ஒவ்வொரு மெஷின்லயும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் இருந்தா, ஒவ்வொன்னுக்கும் தனி பாஸ்வேர்ட் வச்சு மாத்திக்கிற லேப்ஸ் போடுங்க, 2023 ஏப்ரல் அப்டேட்ல இருந்து விண்டோஸ்லயே சேந்து வருது.

க்ரூப் பாலிசி (டொமைன்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் செட்டிங் அனுப்புறது) வழியா டாஸ்க் போட்டிருந்தா, அந்த பாலிசி ஃபைல் இருக்கிற சிஸ்வால் ஃபோல்டர்ல சிபாஸ்வேர்ட்னு தேடிப் பாருங்க. பழைய காலத்துல அதுல பாஸ்வேர்ட் சேவ் ஆகும், அத திறக்கிற சாவிய மைக்ரோசாஃப்ட்டே டாக்குமென்ட்ல போட்டிருந்தாங்க. 2014 மே மாசம் பேட்ச் வந்தது, ஆனா அந்த பேட்ச் புதுசா சேவ் பண்றத மட்டும்தான் தடுக்கும், ஏற்கனவே இருக்கிற ஃபைல நாமதான் அழிக்கணும்.

சர்வர்_புதுசு:
ரொம்ப நன்றி, எல்லாருக்கும். விண்டோஸ்ல மூணு டாஸ்க் அவர் பேர்ல, அதுல ஒன்னு டொமைன் அட்மின். நாளைக்கு மாத்தறேன். லினக்ஸ்ல சர்வீஸ் யூசர் ஒன்னு போட்டு ஜாப் எல்லாம் அதுக்கு நகத்தலாம்னு இருக்கேன். அப்படியே க்ரான்டேப்ப காப்பி பண்ணி ஒட்டினா போதுமா?

நைட்ஷிஃப்ட்_அக்கா:
போதாது. யூசர்ஆட் மைனஸ் ஆர் போட்டு சிஸ்டம் யூசரா உருவாக்குங்க, அதுக்கு பாஸ்வேர்ட் வயசு எதுவும் வராது, கருப்புத்திரை சொன்ன 90 நாள் பிரச்சனையும் வராது. ஹோம் ஃபோல்டர் தானா வராது, எஸ்எஸ்ஹெச் கீ வைக்கணும்னா நீங்கதான் உருவாக்கணும். புது கீ போடுங்க, அவரோட பழைய கீய எடுத்து யூஸ் பண்ணாதீங்க. பேக்கப் வாங்குற சர்வர்ல அந்த கீக்கு ஒரே ஒரு கமாண்ட் மட்டும்தான் ஓடும்னு ஆத்தரைஸ்ட் கீஸ்ல கட்டிப்போடலாம்.

ஒரே ராத்திரில எல்லாத்தையும் நகத்தாதீங்க, ஒவ்வொரு ஜாப்பா. பழைய வரிக்கு முன்னாடி ஹேஷ் போட்டு நிறுத்திட்டு புதுசுல ஓட விட்டு காலைல பாருங்க.

க்ரான்டேப் மைனஸ் ஈ அடிக்கும்போது கவனமா அடிங்க, கீபோர்டுல ஈக்குப் பக்கத்துல ஆர், மைனஸ் ஆர் அடிச்சா ஒரு கேள்வியும் கேக்காம மொத்தத்தையும் அழிச்சிடும். வெறும் க்ரான்டேப்னு அடிச்சு என்டர் தட்டினா பல சிஸ்டத்துல கீபோர்டுல இருந்து படிக்கக் காத்திருக்கும், அங்க கன்ட்ரோல் டி அடிச்சா அதுவும் காலி, கன்ட்ரோல் சி அடிச்சு வெளில வாங்க. விசுடோ மாதிரி இது லாக் எதுவும் போடாது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறந்தா கடைசியா சேவ் பண்ணினவர் எழுதினதுதான் நிக்கும். அதனால என் வழக்கம் க்ரான் டாட் டி-ல தனித்தனி ஃபைலா வச்சு கிட்ல போட்டுடறது, யார் எப்ப மாத்தினாங்கன்னு தெரியும். அங்க நேரத்துக்கும் கமாண்டுக்கும் நடுவுல யூசர் பேர் ஒன்னு எழுதணும், அத மறந்தா கமாண்டோட முதல் வார்த்தைய யூசர்னு நெனச்சுக்கும். உபுண்டுல இந்த ஃபைல் பேர்லயும் புள்ளி வரக்கூடாது, பேக்கப் டாட் எஸ்ஹெச்னு க்ரான் டாட் டெய்லில போட்டா என்னைக்குமே ஓடாது.

மலைக்கோட்டை_லினக்ஸ்:
கையால ஓட்டினா ஓடுது க்ரான்ல ஓடலன்னு நீங்க அடுத்து வந்து கேப்பீங்க, அதனால இப்பவே. க்ரானுக்கு பாத் (கமாண்ட தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) ரொம்ப சின்னது, கமாண்டுக்கெல்லாம் முழு பாதை எழுதுங்க. க்ரான்டேப் வரில % வந்தா அத புது வரின்னு எடுத்துக்கும், டேட் +%எஃப் போட்டு ஃபைலுக்கு தேதி வைக்கிறவங்க எல்லாரும் இதுல விழுவாங்க, முன்னாடி பின்சாய்வு போடணும், இல்லன்னா ஸ்கிரிப்ட் உள்ள எழுதிடணும். கடைசி வரிக்குப் பிறகு என்டர் இருக்கணும். 0 0 13 * 5 எழுதினா 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை மட்டும்னு நெனைக்காதீங்க, எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும்.

நேரம் எந்த டைம்சோன்லன்னு பாருங்க. க்ளவுட் சர்வர் பெரும்பாலும் யூடிசி (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி), அதுல 0 2 * * * போட்டா நமக்கு காலைல 7:30. மாசாமாசம் ஒன்னாம் தேதி ராத்திரி 2 மணிக்கு பில்லிங் ரிப்போர்ட் வேணும்னா யூடிசில அது முந்தின மாசம் கடைசி நாள் 20:30, அது 28ஆ 30ஆ 31ஆன்னு க்ரானுக்கு சொல்லவே முடியாது. ராக்கில க்ரான்_டிஇசட் எழுதலாம், உபுண்டுல இருக்கிற க்ரான் அத கண்டுக்காது. அங்க சிஸ்டம்டி டைமர் போடுங்க, ஆன்கேலண்டர் வரியோட கடைசில ஏசியா/கொல்கத்தான்னு எழுதினா போதும். பெர்சிஸ்டென்ட் ட்ரூ வச்சா அந்த நேரத்துல சர்வர் ஆஃப்ல இருந்தாலும் வந்த பிறகு ஓடிடும்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற ஜாப்புக்கு முன்னாடி எஃப்லாக் மைனஸ் என் போடுங்க. ஒன்னு முடியறதுக்குள்ள அடுத்தது கெளம்பி ஒன்னு மேல ஒன்னா ஏறி சர்வர் மூச்சு முட்டி நிக்கிறது இதனாலதான் பாதி நேரம்.

சர்வர்_புதுசு:
பேக்கப் வரியோட கடைசில அவுட்புட் எல்லாம், வர்றத அப்படியே தூக்கிப் போடுற டெவ் நல்லுக்குப் போகுது. அத அப்படியே விடலாமா?

கருப்புத்திரை:
விடக்கூடாது. எரர் கண்டிப்பா யாராவது பாக்குற எடத்துக்கு வரணும். க்ரான் அவுட்புட்ட மெயில்ல அனுப்புற மெயில்டூ போட்டா மட்டும் பத்தாது, 2017 ஜனவரி 31 கோட் வைக்கிற சைட் கிட்லேப்ல நடந்தது எல்லாரும் படிக்க வேண்டியது, அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. ராத்திரி வேலை பாத்துக்கிட்டிருந்த இன்ஜினியர் ரெப்ளிகாவுல (டேட்டாபேஸோட நகல்) அழிக்க வேண்டியத மெயின் டேட்டாபேஸ்ல அழிச்சுட்டார், 300 ஜிபி கிட்ட. சரி பேக்கப் எடுக்கலாம்னு போனா தினமும் ஓடுற டம்ப் ஜாப் ரொம்ப நாளா ஃபெயில் ஆகிக்கிட்டிருந்திருக்கு, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கிற ப்ரோக்ராம் 9.2, வெர்ஷன் ஒத்துப்போகல. ஃபெயில் ஆனதும் க்ரான் மெயில் அனுப்பத்தான் செஞ்சிருக்கு, ஆனா மெயில் போலியான்னு பாக்குற டிமார்க் சரியா செட் பண்ணாததால அந்த மெயில் எல்லாம் ரிஜெக்ட் ஆகியிருக்கு. அந்த இன்ஜினியர் அதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக எடுத்து வச்ச ஒரு ஸ்நாப்ஷாட் இருந்ததால ஆறு மணி நேர டேட்டாவோட நஷ்டம் நின்னது.

அதனால மெயில் வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கக்கூடாது. ஜாப் நல்லபடியா முடிஞ்சா எங்கயாவது ஒரு சிக்னல் போகணும், அது வரலன்னா அலாரம் அடிக்கணும். பேக்கப் ஃபைல் சைஸ் நேத்து இருந்தத விட பாதியா கொறைஞ்சா அப்பவும் அலாரம். திரும்ப ரீஸ்டோர் பண்ணிப் பாக்காத பேக்கப்ப நான் பேக்கப்னு கணக்குல எடுக்கறதே இல்ல.

வேலைமுடிஞ்சுது:
நான் மேல ஒரு மாசம் பொறுங்கன்னு சொன்னேன், இதெல்லாம் படிச்ச பிறகு வரிசைல கருப்புத்திரை சொன்னதுதான் சரின்னு படுது. லாகின இன்னைக்கே மூடு, ஜாப்ப நிதானமா நகத்து, அக்கவுண்ட்ட கடைசில எக்ஸ்பைர் பண்ணு. எங்க ஆபீஸ்லயும் போன ஆளுங்க பேர்ல என்ன ஓடுதுன்னு திங்கக்கிழமை பாக்கறேன்.

சர்வர்_புதுசு:
அப்டேட். அவர் லாகின் வழி எல்லா சர்வர்லயும் அன்னைக்கே மூடிட்டேன், அவருக்கும் போன் பண்ணி சொன்னேன், சந்தோஷமா சரின்னார், ரெண்டு ஸ்கிரிப்ட் எதுக்குன்னும் விளக்கினார். /ஆப்ட்/ஸ்கிரிப்ட்ஸ் இப்ப ரூட்டுக்கு மட்டும் எழுத முடியும், டெவலப்பருக்கு கிட்ல மாத்தம் அனுப்பி ஒருத்தர் பாத்த பிறகுதான் உள்ள வரும். டாக்கர் குரூப்ல இப்ப மூணு பேர். விண்டோஸ் டாஸ்க் மூணும் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு மாறியாச்சு. பேக்கப்ப தனி மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாத்தேன், பில்லிங் டேபிள் வந்தது, ஆனா அப்லோட் ஃபோல்டர் பேக்கப்ல சேரவே இல்லன்னு அப்பதான் தெரிஞ்சது, அதையும் சேத்துட்டேன். இப்ப அக்கவுண்ட்ட எக்ஸ்பைர் பண்ணலாமா, இல்ல வேற எங்கயாவது பாக்கணுமா?

மலைக்கோட்டை_லினக்ஸ்:
எக்ஸ்பைர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு. /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் ஃபோல்டர்ல அவர் பேர்ல ஒரு வெத்து ஃபைல் இருக்கான்னு பாருங்க, இருந்தா லாகின் இல்லாமலே அவரோட சொந்த டைமர் ஓடிக்கிட்டிருக்கும், ரூட்டா சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் போட்டா அது வராது. அவரோட ஹோம்ல கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்டி, யூசர்னு போய் பாருங்க. அப்புறம் பிஎஸ் மைனஸ் யூ போட்டு அவர் பேர்ல எது ஓடிக்கிட்டிருக்குன்னு பாருங்க, லாக்அவுட் ஆனாலும் ஓடிக்கிட்டே இருக்கிற பழைய ஸ்க்ரீன் செஷனோ டீமக்ஸோ மாசக்கணக்கா திறந்து கெடக்கும், கீய எடுத்தாலும் அது தானா சாகாது.

சர்வர்_புதுசு:
ராக்கி சர்வர் ஒன்னுல லிங்கர் ஃபைல் இருக்கு. டைமர் ஒன்னு, எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் புதுப்பிக்கிறது. இத விட்டிருந்தா சர்டிஃபிகேட் காலாவதி ஆகி சைட்டே நின்னிருக்கும். இப்ப சிஸ்டம் டைமரா மாத்திட்டு ட்ரை ரன் ஓட்டறேன்.

நைட்ஷிஃப்ட்_அக்கா:
ட்ரை ரன் சரியா வந்தா மட்டும் பழைய டைமர நிறுத்துங்க தம்பி. புதுப்பிச்ச பிறகு வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகுதான்னும் பாருங்க, சர்டிஃபிகேட் ஃபைல் புதுசா இருந்தும் ரீலோட் ஆகாததால சர்வர் பழசையே காட்டிக்கிட்டிருக்கும். வெளில இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் வச்சு தேதி மாறியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அக்கவுண்ட்ட எக்ஸ்பைர் பண்ணுங்க. யூசர்டெல் இன்னும் வேண்டாம், ஒரு மாசக்கடைசி தாண்டி பில்லிங் ரிப்போர்ட் ஒரு தடவை வரட்டும்.